நாற்பத்தோராவது சத்தம்

மறுபடியும் பூஜ்யம். இதோடு பதினேழு சத்தம் போட்டாயிற்று, பதினேழுக்கும் பூஜ்யம். பலகையில் பதினோரு பொத்தான் இருக்கிறதம்மா, எவ்வளவு எரிச்சல் என்று காட்டப் பூஜ்யத்திலிருந்து பத்து வரை, தமிழிலும் கன்னடத்திலும் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டியிருக்கிறோம், விரலைக் கொஞ்சம் நகர்த்தினால்தான் என்ன. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சோஃபாவில் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறார் கன்னியம்மா. வயது ஐம்பத்தெட்டு, அல்சூரில் வீடு, ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் முப்பது வருஷம் தையல், காது நன்றாகக் கேட்கிறது, எல்லாம் படிவத்தில் இருக்கிறது. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் விளக்கணைத்த அறையில் நானும் நாகரத்னாவும். நாகரத்னா கணினியில் சத்தங்களை ஒவ்வொன்றாகப் போடுகிறவள், இருபது வருஷமாக இதே வேலை, முகத்தில் ஒன்றும் தெரியாது. நான் இங்கே இருக்கவே வேண்டியதில்லை. என் இடம் மூன்றாவது மாடி, என் வேலை விமானத்தின் வடிவம், ஆனால் சௌந்தரபாண்டியன் சார் காலையிலேயே பிடித்துக்கொண்டார், “ஜெபா, நீயே போய் நில்லும்மா, கடைசி ஆளை முடிச்சிட்டு ஒரு மணிக்குள்ள அட்டவணை என் கையில இருக்கணும், மூணு மணிக்கு பணம் கொடுக்கிறவங்க எல்லாரும் வர்றாங்க.” வந்திருக்க வேண்டியது நாலு பேர். மழையில் மூன்று பேர் வரவில்லை. வந்த ஒருவர் பூஜ்யமாக அமுக்கித் தள்ளுகிறார். பதினெட்டாவது சத்தம் இப்போது, இது பழைய மாதிரி விமானத்தின் வெடிச் சத்தம், ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக நடுநடுவே வைத்திருப்பது, இதற்கு ஏழுக்குக் குறைந்து யாரும் அமுக்கியதே இல்லை. டம்மென்று விழுந்தது, கண்ணாடி தாண்டி என் நெஞ்சுக்கே வந்தது. கன்னியம்மா முந்தானையைச் சரிசெய்துகொண்டார். பூஜ்யம்.

எட்டு வருஷம். யாரிடமாவது எட்டு வருஷமாக என்ன செய்கிறாய் என்று சொல்ல முடிகிறதா. நாசரேத்திலிருந்து அம்மா போன் பண்ணும்போதெல்லாம் கேட்பாள், “ஏட்டி, சத்தமே இல்லாம பிளேன் போவுமாட்டி?” சத்தமே இல்லாமல் இல்லையம்மா, ஒலியைவிட வேகமாகப் போகிற விமானம், சென்னையில் ஏறினால் ஐந்தரை மணி நேரத்தில் லண்டன், அப்படிப் போகும்போது காற்று முன்னால் நகர நேரமில்லாமல் மூக்கிலும் இறக்கையிலும் வாலிலும் அடுக்கடுக்காக நசுங்கும், நசுங்கினது எல்லாம் ஒன்றுசேர்ந்து தரைக்கு வந்தால் வெடிகுண்டு மாதிரி விழும், அதனால்தான் ஊர்களுக்கு மேலே பறக்க விடுவதில்லை, அந்த நசுங்கல்கள் ஒன்றுசேராதபடி உடம்பை இழுத்து நீட்டி வரைவதுதான் என் வேலை. “ஓஹோ,” என்பாள் அம்மா, “சாப்பிட்டியா?” அபார்ட்மெண்டில் அதைவிட மோசம். நான் சத்தத்தில் வேலை பார்க்கிறேன் என்று யாரோ சொல்லிவிட்டார்கள், மாடி வீட்டில் நாற்காலி இழுத்தால் எனக்குப் போன், ஜெனரேட்டர் கத்தினால் எனக்குப் போன், மேடம் நீங்க ஸ்பெஷலிஸ்ட் ஆச்சே. ஸ்பெஷலிஸ்ட்தான். எழுபத்தைந்தில் ஸ்பெஷலிஸ்ட். தரையில் கேட்கிற சத்தம் எழுபத்தைந்து டெசிபலைத் தாண்டக் கூடாது, அதுதான் எங்களுக்குக் கொடுத்த எல்லை, எட்டு வருஷமாக அந்த எண்ணோடு குடித்தனம். முதலில் தொண்ணூற்றொன்று. மூக்கை நீட்டினேன், எண்பத்து நான்கு. இன்ஜினை முதுகின் மேல் ஏற்றினோம், எழுபத்தொன்பது. பிறகு இரண்டு வருஷம் எழுபத்தேழில் உட்கார்ந்துகொண்டு நகர மாட்டேன் என்றது. போன ஐப்பசியில்தான் வாலைப் பிடித்தேன், வாலுக்குக் கீழே ஒரு மெல்லிய சரிவு, கை விரல் தடவுகிற மாதிரி நீளமான சரிவு, எழுபத்து நான்கு புள்ளி ஆறு. கணினி அந்த எண்ணைக் காட்டிய அன்று சௌந்தரபாண்டியன் சார் மூன்று மாடிக்கும் லட்டு கொடுத்தார். அன்றைக்கே ஏதோ ஒன்று உறுத்தியது, என்னவென்று நான் பார்க்கவில்லை, லட்டு சாப்பிட்டேன்.

பார்க்கவில்லையா, பார்க்க விரும்பவில்லையா. இருக்கட்டும். இருபத்து மூன்றாவது சத்தம் போய்விட்டது, பலகையிலிருந்து பதில் வரவில்லை. நாகரத்னா கண்ணாடி வழியாகக் குனிந்து பார்க்கிறாள். “மேடம், அவங்க தூங்கிட்டாங்க.” தூங்கிவிட்டாரா. ஆமாம், தலை சோஃபாவின் பின்னால் சாய்ந்து, வாய் லேசாகத் திறந்து, கை பொத்தான் பலகையின் மேலேயே கிடக்கிறது. மூன்று பஸ் மாறி வந்திருப்பார், இந்த அறை வேறு குளிரூட்டியோடு, மெத்தென்ற சோஃபாவோடு, சுவரில் காலண்டரோடு, நிஜ வீட்டு வரவேற்பறை மாதிரியே கட்டி வைத்திருக்கிறோம். ஒரு கண்ணாடி ஜன்னல், ஒரு கண்ணாடி அலமாரி, அதில் எவர்சில்வர் டம்ளர், பீங்கான் கோப்பை, பிளாஸ்டிக் பூ. வீட்டுக்குள் இருக்கிறவருக்கு எப்படிக் கேட்கும் என்று தெரிய வேண்டாமா, அதற்காகச் சுவருக்குப் பின்னால் ஆளுயர ஒலிபெருக்கிகள். இத்தனையும் செய்துவிட்டு ஒரு மனுஷியைக் கொண்டுவந்து உட்காரவைத்தால் அவர் தூங்குகிறார். விதிப்படி நிறுத்த வேண்டும். நிறுத்தினால் இன்னொரு ஆள் வேண்டும், இன்னொரு ஆளுக்கு இன்னொரு நாள், மூன்று மணிக்கு என்ன சொல்வது. சாரைக் கூப்பிட்டேன். சிரித்தார், போனில் இருமல் வரும்வரை சிரித்தார். “தூங்கிட்டாங்களா! ஜெபா, இதைவிட என்னம்மா சர்ட்டிபிகேட் வேணும் நமக்கு? நிறுத்தாதே, போட்டுக்கிட்டே இரு. சூப்பர்சானிக் விமானம் தலைக்கு மேல போகுது, கீழே ஒரு அம்மா நிம்மதியா தூங்குறாங்க. இதை நான் முதல் பக்கத்துல வைக்கிறேன்.” சார், விதிப்படி, என்று ஆரம்பித்தேன். “விதி எல்லாம் எனக்கும் தெரியும்மா.” வைத்துவிட்டார். எப்போதும் பாதியில் வைத்துவிடுவார், என் பதில் எப்போதும் என் வாயிலேயே மிச்சம். “போடட்டுமா மேடம்?” என்று நாகரத்னா கேட்கிறாள், கேள்வி மாதிரி இல்லாத குரலில். போடு. நான்தான் சொன்னேன், போடு. இருபத்து நான்கு. இருபத்தைந்து. அவர் அசையவில்லை.

தூங்குகிற ஒருவரைக் கண்ணாடி வழியாகப் பார்ப்பது நன்றாக இல்லை. திருடுகிற மாதிரி இருக்கிறது. வேறு எங்கே பார்ப்பது, சுவரில் ஒன்றுமில்லை. முப்பதாவதில் அந்தப் பழைய வெடிச் சத்தம் மறுபடி வந்தது, அதற்குக்கூட அவர் புருவத்தை மட்டும் சுருக்கிவிட்டு மறுபடி தூங்கிப் போனார், அந்த மாதிரித் தூக்கம், தொழிற்சாலைத் தூக்கம், இருநூறு தையல் மெஷினுக்கு நடுவே பழகினது. சத்தத்துக்கு அசையாத முகம். இப்படி ஒரு முகத்தை நான் முன்பே பார்த்திருக்கிறேன், வேண்டாம், அதை இப்போது நினைக்க வேண்டாம், ஆனால் நினைப்பு கேட்கிறதா. எனக்கு ஒன்பது வயது, பகல் பதினோரு மணி, வெயில். எங்கேயோ ஒரு போர் விமானம் ஒலியை மீறிப் போயிருக்கிறது, அது பிறகு சொல்லித்தான் தெரியும், அப்போது தெரிந்ததெல்லாம் வானம் உடைந்த மாதிரி இரண்டு அடி. தெரு முழுக்க வெளியே ஓடி வந்தது. அம்மா என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடினாள், வாசலில் நின்று ஏசப்பா ஏசப்பா என்றாள், அப்புறம்தான் தம்பி உள்ளே தொட்டிலில் கிடப்பது நினைவு வந்து திரும்பி ஓடினோம். ஐசக்குக்கு ஏழு மாதம். தொட்டில் கயிற்றில் கட்டிய கிலுகிலுப்பையைப் பிடித்து இழுத்துக்கொண்டு எங்களைப் பார்த்துச் சிரித்தான். அழவே இல்லை. பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் எல்லாம் வீறிட்டுக்கொண்டிருந்தன. அம்மா முதலில் சந்தோஷப்பட்டாள், பயப்படாத பிள்ளை என்று. பிறகு அவன் தலைக்குப் பின்னால் போய்க் கை தட்டினாள். மறுபடி தட்டினாள். தட்டிக்கொண்டே இருந்தாள், நான் அம்மா போதும் என்று சொல்லும்வரை. அந்தக் கைதட்டலைத்தான் நான் வாழ்க்கையில் கேட்ட மோசமான சத்தம் என்பேன், எத்தனை டெசிபல் என்று யாராவது கேட்கட்டும்.

ஐசக் தூத்துக்குடியில் அச்சகத்தில் இருக்கிறான், கல்யாணம் ஆகி இரண்டு பிள்ளைகள், என்னைவிட நிம்மதியாக இருக்கிறான். போன கிறிஸ்துமஸுக்கு அவன் வீட்டில் எல்லாரும் கூடியபோது, எனக்கு என்ன கிறுக்கோ, பழைய வாலின் சத்தத்தையும் பிறகு புது வாலின் சத்தத்தையும் கொண்டுபோய், சர்ச் பாடகர் குழுவின் பெரிய ஒலிபெருக்கியைக் கேட்டு வாங்கிப் போட்டுக் காட்டினேன். “இவ்வளவுதானாட்டி? கதவு சாத்துற சத்தங்கூட இதைவிட ஜாஸ்தி,” என்றாள் அம்மா, எல்லாரும் சிரித்தார்கள், எனக்குப் பெருமை. ஐசக் மட்டும் சிரிக்கவில்லை. இரும்பு பீரோவின் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நின்றான். இன்னொரு தரம் போடு என்று சைகை செய்தான். போட்டேன். கையை எடுத்து, விரல்களை நடுங்கவைத்துக் காட்டி, வந்துவிட்டது என்றான், முந்தின வாலைவிட இது பெரிசு என்று இரண்டு கையையும் அகட்டினான். நான் எரிச்சலோடு, மற்றவர்களுக்குக் கேட்கவில்லை அல்லவா, அதுதான் முக்கியம், என்று சைகையில் சொன்னேன். யாரிடம் சொல்கிறோம் என்று யோசிக்காமல் சொன்னேன். அவன் தோளைக் குலுக்கிவிட்டுப் பிள்ளைகளோடு வெடி போடப் போய்விட்டான். இன்றுவரை அது எனக்கு ஞாபகமே இல்லை. பொய். தினமும் ஞாபகம் இருந்தது. காது கேட்கிற பங்கை மழுக்கினேன், மிச்சத்தை எங்கே தள்ளினேன், அடியாழத்துக்கு, காது எட்டாத தாழ்ந்த அதிர்வுக்கு, அங்கே எழுபத்தைந்து என்ற எண் எட்டிப் பார்ப்பதில்லை. எண்ணில் இல்லாதது உலகத்தில் இல்லை என்று நினைத்துக்கொள்வது எவ்வளவு வசதி. நாற்பது போய்விட்டது. இன்னும் இருபது. பசிக்கிறது. சார் செய்தி அனுப்பியிருக்கிறார், ஒரே ஒரு கேள்விக்குறி. கேள்விக்குறிக்கு என்ன பதில் எழுதுவது, ஆச்சரியக்குறியா.

நாற்பத்தொன்று. எனக்கு ஒன்றுமே கேட்கவில்லை, போட்டாளா இல்லையா என்று நாகரத்னாவைத் திரும்பிப் பார்க்கிறேன், அதற்குள் உள்ளே கன்னியம்மா எழுந்து உட்கார்ந்திருக்கிறார். எழுந்து நின்றுவிட்டார். கண் முழுசாகத் திறந்து, ஆனால் யாரையும் பார்க்காமல், நேராக அலமாரிக்குப் போய் அதன் கண்ணாடிக் கதவை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். பொத்தான் பலகை தரையில் விழுந்து கிடக்கிறது. நாற்பத்திரண்டு தானாகப் போனது. அவர் கையை எடுக்கவில்லை, தோள்பட்டையையும் சேர்த்துக் கொடுத்தார், விழப்போகிற சுவரைத் தாங்குகிற மாதிரி. நிறுத்து, நிறுத்து நாகரத்னா. அவள் ஏற்கெனவே நிறுத்தியிருந்தாள்.

கதவு திறக்க இரண்டு தடவை இழுக்க வேண்டும், சத்தம் புகாத கதவு, சனியன். உள்ளே போனேன். “அம்மா, என்ன ஆச்சு? உட்காருங்க.” என்னைப் பார்த்ததும் வெட்கப்பட்டுக் கையை எடுத்தார், மறுபடி ஒரு கையை மட்டும் வைத்துக்கொண்டார். “தூங்கிட்டேன் போலக்கீது. தப்பா எடுத்துக்காத மேடம்.” தூங்கினது பரவாயில்லை, எதற்கு எழுந்தீர்கள், ரொம்பச் சத்தமாக இருந்ததா என்று கேட்டேன். “சத்தம் எங்க கேட்டுச்சி? சத்தம்லாம் ஒண்ணுமில்ல. இது ஆடுச்சி,” என்று கண்ணாடியைத் தொட்டுக் காட்டினார். “கிணிகிணின்னு. எங்கூட்டுல அப்டித்தான் ஆடுச்சி.” எப்போது என்றேன். பக்கத்து மனையில் பெரிய கட்டடம் கட்ட அஸ்திவாரம் தோண்டினார்களாம், மூன்று வாரம் இரும்புத் தூணை அடித்து இறக்கினார்களாம். “அந்தச் சத்தம் பளகிப்போச்சி மேடம். அலமாரில டம்ளர் ஆடும், அதுதான் தாங்காது. ஆடுது ஆடுதுன்னு எங்கூட்டுக்காரர்கிட்ட சொன்னேன், உனக்கு வேற வேல இல்லன்னாரு. ஒருநாள் மத்தியானம் சோறு போட்டுக்கினு இருக்கேன், டம்ளர் ஆடுச்சி, செவுரு இப்டி வாயத் தொறந்துச்சி. தட்டோட ஓடியாந்தோம்.” யாருக்காவது அடிபட்டதா என்று கேட்டேன். “அவருக்குக் கால் போச்சி,” என்றார், பஸ் போய்விட்டது என்று சொல்கிற மாதிரி. அப்படியானால் ஏனம்மா முதலிலிருந்து எல்லாவற்றுக்கும் பூஜ்யத்தை அமுக்கினீர்கள் என்று கேட்டுவிட்டேன், கேட்டபிறகு நாக்கைக் கடித்துக்கொள்ளத் தோன்றியது. அவருக்குக் கோபம் வந்தது, உண்மையான கோபம், தரையில் கிடந்த பலகையை எடுத்து என் கையில் கொடுத்தார். “நீங்க இன்னா எழுதிகீறீங்க? எரிச்சலா இருக்கா, எவ்ளோ எரிச்சல்னு எழுதிகீறீங்க. எனக்கு எரிச்சல் இல்ல. ரெண்டு மூணு தபா முன்னாடியும் இது ஆடுச்சி, திக்குனு இருந்துச்சி, எந்த நம்பர அமுக்குறதுன்னு தேடுனேன். பயந்துக்கினா எத அமுக்கணும்? அதுக்குப் பொத்தான் எங்க வெச்சிகீற?”

அவரை நாகரத்னா டீ குடிக்க அழைத்துப் போனாள், திரும்பி வந்ததும் இப்போது மழை இல்லை, ஆட்டோ பிடித்து ஏற்றிவிட்டேன் என்றாள். நான் பட்டியலைத் திறந்து வைத்திருந்தேன். வரிசை கலைத்துப் போடுவதால், பழைய வெடி வருகிற இடம் தவிர, எந்தச் சத்தம் எந்த விமானம் என்று முதலில் தெரியாது, பட்டியலில்தான் பார்க்க வேண்டும். நாற்பத்தொன்று, புது வால், எழுபத்து நான்கு புள்ளி ஆறு. வேறு என்னவாக இருக்கும். அவர் தூங்குமுன் அதே வால் வந்த இடங்கள் ஐந்து, பன்னிரண்டு, இருபது, திக்கென்றது என்று அவர் சொன்ன அந்த இரண்டு மூன்று தடவை இவைதான். மூன்றுக்கும் பூஜ்யம். அட்டவணையில் அது எங்களுக்கு லாபம், எரிச்சலே இல்லை என்று கூட்டிச் சராசரியில் சேரும், இந்த ஒரு அம்மாவால் எங்கள் எண் இன்னும் அழகாகும், சார் முதல் பக்கத்தில் வைப்பார். எரிச்சல் வந்தது எனக்கு, பத்து, பதினொன்று, பொத்தானில் இல்லாத எண். யார் மேல் என்று தெரியவில்லை. பூஜ்யம் அமுக்கின அவர் மேலா, தூங்கட்டும் என்ற சார் மேலா, எரிச்சலா என்று மட்டும் கேட்கக் கற்றுக்கொடுத்த புத்தகங்கள் மேலா, போடு என்று சொன்ன என் மேலா. இந்த வாலை வரைந்தது நான், போன ஐப்பசியிலிருந்து அதை நூறு தரம் காதில் மாட்டிய ஹெட்போனில் கேட்டிருக்கிறேன், அந்தச் சோஃபாவில் ஒரு தரம் உட்கார்ந்ததில்லை, வடிவமைப்பாளர் சோதனையில் உட்காரக் கூடாது என்று விதி. விதி எல்லாம் எனக்கும் தெரியும்மா. “நாகரத்னா, நாற்பத்தொன்றைப் போடு.” உள்ளே போய் உட்கார்ந்தேன். சோஃபாவில் கன்னியம்மா சாய்ந்திருந்த குழி இருந்தது. கதவு மூடியதும் காதுக்குள் பஞ்சு அடைத்த மாதிரி அமைதி. காத்திருந்தேன். சத்தம் வந்ததா என்று சொல்லவே முடியாது, யாரோ தூரத்தில் மெத்தையைத் தரையில் போட்ட மாதிரி, அவ்வளவுதான், நல்ல வால், எழுபத்து நான்கு புள்ளி ஆறு. பிறகு சோஃபா என் முதுகை ஒரு தரம் தள்ளியது. அலமாரியில் எல்லாம் ஒன்றாகப் பேச ஆரம்பித்தன. டம்ளர் டம்ளரைத் தொட்டது, கண்ணாடி சட்டத்துக்குள் கிணிகிணிவென்றது, ஒரு கோப்பை தன் தட்டில் கால்வட்டம் திரும்பி நின்றது. ஒன்றரை விநாடி. வீட்டுக்கு வெளியே மிகப் பெரிய ஏதோ ஒன்று சுவரில் கை வைத்துப் பார்த்துவிட்டுப் போனது. நான் எழுந்து நின்றுகொண்டிருந்தேன். எப்போது எழுந்தேன் என்று எனக்குத் தெரியவில்லை.

ஒரு மணிக்கு சார் கூப்பிட்டார். “என்னம்மா, அனுப்பியாச்சா?” இல்லை என்றேன். “ஏன்?” வால் சரியில்லை சார், காதுக்குச் சரி, வீட்டுக்குச் சரியில்லை, அடியாழத்து அதிர்வு அத்தனையும் ஜன்னல் வழியாக உள்ளே வருகிறது என்றேன். அவர் மெதுவாக, அதுதான் எனக்குப் பயமான குரல், “எண் எழுபத்தஞ்சுக்குக் கீழே இருக்கா, இல்லையா?” இருக்கிறது. “அப்போ கதை முடிஞ்சுது. கண்ணாடி ஆடுறதை அளக்கச் சொல்லி நம்மகிட்ட யாரும் கேட்கலை. இப்போ இதைச் சொன்னா ஒரு வருஷம் தள்ளிப் போடுவாங்க, இல்லேன்னா வேற குழுகிட்ட கொடுத்திடுவாங்க, உன் எட்டு வருஷமும் போச்சு. புரியுதா? அது உன் வால், ஜெபா.” ஆமாம் சார், என் வால்தான், என்றேன், அதனால்தான் சொல்கிறேன். “மூணு மணிக்கு பன்னிரண்டு பேர் வர்றாங்க. அவங்ககிட்ட நீயே சொல்லிக்கோ.” வைத்துவிட்டார். இந்தத் தடவை என் வாயில் ஒன்றும் மிச்சமில்லை. சொல்லிக்கொள்ள எனக்குத் தெரியாது, கூட்டத்தில் எழுந்தால் குரல் கீச்சென்று போகும், படம் போட்டுக் காட்டினால் ஒருவர் போனைப் பார்ப்பார், இன்னொருவர் எண் என்னம்மா எண் என்ன என்பார். நாகரத்னா சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமல் மடியில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அந்த சோஃபாவுல எத்தனை பேர் உட்காரலாம்?” என்று கேட்டேன்.

“நாலு பேர் மேடம். கொஞ்சம் நெருக்கி.”

“அப்போ வர்ற பன்னிரண்டு பேருக்கு மூணு தடவை போடணும். முதல்ல சௌந்தரபாண்டியன் சாரைத் தனியா உட்கார வை. அதுக்கு முன்னாடி அலமாரியில இன்னும் கொஞ்சம் கண்ணாடிச் சாமான் அடுக்கலாமா? நம்ம கேன்டீன்ல டம்ளர் இருக்குமே.”

“எத்தனை மேடம் கொண்டுவரட்டும்?”

“இருக்கிற எல்லாத்தையும்.”